எண்ணெய் மணக்காத வீட்டு வடை

இருபத்தாறு வருடம் காஸ் குழாய் வேலை செய்த ஒருத்திக்கு அந்த வேலையை ஒழுங்காகப் படிப்பித்தது ஓர் உழுந்து வடைதான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இந்த வருடம் இங்கே டென்மார்க்கில் ஹேர்னிங் பக்கம் எங்கள் தொழிலுக்கு நான்கைந்து தமிழ்ப் பிள்ளைகள் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் வந்தபோது தனி ஆள். தையல் தொழிற்சாலையில் பத்து வருடம் காற்சட்டைக்குச் சிப் வைத்தவள். அந்தத் தொழிற்சாலையை மூடிய பிறகு, முப்பத்தெட்டு வயதில், பதினாறு பெடியன்களோடு ஒரே வகுப்பில் இருந்து குழாய் வளைக்கப் பழகினேன். தொழிலுக்கு வந்த முதல் வருடங்களில் எங்கள் ஆட்களின் வீட்டு வாசலில் வேலை வானை நிறுத்திவிட்டு மணி அடித்தால், கதவைத் திறப்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

“அண்ணை எங்க? வானுக்கையோ இருக்கிறார்?”

அண்ணை, அதாவது என் கணவர், அந்த நேரம் நகரத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் ஒரு பல்ப் மாற்றுவதற்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். போகப்போக எல்லாருக்கும் பழகிவிட்டது. “காஸ் அக்கா” என்ற பெயரும் நிலைத்துவிட்டது. இப்போது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை.

கொதிகலன்களைப் பற்றி உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் நிறையச் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது வரவேற்பறையில் அழகுக்காக எரியும் காஸ் கணப்பைப் பற்றி. பைஸ் என்று எங்கள் ஆட்களும் டேனிஷிலேயே சொல்வார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பீங்கானில் செய்த பொய் விறகு, அதற்கிடையில் மெய்யான நெருப்பு. கையில் ரிமோட். ரிமோட் இருப்பதால் அதைத் தொலைக்காட்சிக்குத் தம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது.

ஏழு வருடத்துக்கு முன்னர், ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலையில் பக்கத்து ஊரான பிராண்டேயிலிருந்து மதி என்ற தங்கச்சி ஒருத்தி தொலைபேசியில் பிடித்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், கெட்டிக்காரி. கணவன் சிவம் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை. முந்தைய வருடம்தான் வீடு வாங்கியிருந்தார்கள்.

“அக்கா, பைஸ் கண்ணாடி கரிப்பிடிச்சுப் போச்சு. ஒண்டுமே தெரியேல்லை. மூண்டு மணிக்கு கோப்பன்ஹேகனிலயிருந்து மாப்பிளை வீட்டுக்காரர் வருகினம். நீங்கள் ஒருக்கா வந்து துடைச்சு விட்டியளெண்டால் காணும்.”

“மகள் அபிராவுக்கோ? படிச்சு முடிச்சிட்டாளோ?”

“ஓமக்கா. பெடியன் நேர்ஸ். நல்ல குடும்பம். அவையின்ர வீட்டில பைஸ் இல்லையாம்.”

கடைசி வசனத்தைச் சொன்ன விதத்தில், பெண் கொடுப்பதைவிட நெருப்புக் காட்டுவதில்தான் மதிக்கு ஆர்வம் என்று தெரிந்தது. எனக்கு அன்றைக்கு விடுமுறை. ஆனாலும் வெளிக்கிட்டேன். கண்ணாடி கறுப்பது துடைக்கிற பிரச்சினை அல்ல. நெருப்புக்குக் காற்றுப் போதவில்லை என்று அது சொல்லும் செய்தி. அது எனக்குத் தெரியும். துடைத்துவிட்டு வரலாம் என்று நான் போகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் போனேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிழை விடுகிறவர்கள் எல்லாம் தெரியாதவர்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மழையும் பனியும் கலந்து சரிவாக அடித்துக்கொண்டிருந்தது. வீடு திருவிழாக் கோலம். மதி ஒரு கையில் தூசித் துணி, மறு கையில் நகைப்பெட்டி. வரவேற்பறையில் புதுத் திரைச்சீலை; பின்பக்க யன்னலையும் சேர்த்து இழுத்து மூடியிருந்தார்கள். குசினி மினுங்கியது. அபிரா சாறியைக் கட்டிக்கொண்டு, முகத்தை நீட்டிக்கொண்டு, கதிரையின் நுனியில் இருந்து கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் மனம் குளிர்ந்தது. பொய் விறகில் ஒன்று தன் இடத்தை விட்டு நகர்ந்து, நெருப்பு வரும் துளைகளுக்கு மேலே படுத்திருந்தது.

“இதை ஆர் அரக்கினது?”

மதி அபிராவைப் பார்த்தாள். அபிரா மேலே பார்த்தாள்.

“வடிவா இல்லையெண்டு நான்தான் கொஞ்சம் மாத்தி அடுக்கினனான்,” என்றாள் மதி கடைசியில். “படத்தில இருக்கிறமாதிரி.”

“எந்தப் படத்தில?”

“இன்ஸ்டகிராமில.”

அந்த விறகுகளைக் கையேட்டில் போட்டிருப்பது போலத்தான் அடுக்க வேண்டும், ஒரு விரல் அகலம் தள்ளினாலும் நெருப்பு மஞ்சளாகிக் கரி கக்கும் என்று விளங்கப்படுத்தினேன். சரியாக அடுக்கினேன். கண்ணாடியைத் துடைத்து, சுற்றியிருக்கும் அடைப்பு நாடாவைச் சரிபார்த்து, திரும்பப் பூட்டினேன். ரிமோட்டை அமத்தினேன். அழகான நெருப்பு. பத்து நிமிடம் எரிய விட்டுப் பார்த்தேன். என் இடுப்பில் கொழுவியிருக்கும், காபன் மொனொக்சைட் இருந்தால் கத்தும் சின்னக் கருவி பூச்சியம் காட்டியது.

மிச்சம் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் போய், இந்தக் கணப்பின் குழாய் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு குழாயால்தான் நெருப்பு மூச்சை இழுக்கிறது, அதே குழாயால்தான் விடுகிறது. கையேட்டில் கடைசி வரி அதுதான்.

யன்னலில் பனிமழை அடித்துக்கொண்டிருந்தது. சிவம் குசினிப் பக்கத்திலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். “அக்கா, சூட்டோட கொண்டு போங்கோ. குணம் அண்ணை சுட்டது.”

குணம் அண்ணை மதியின் தமையன். நடு யூலாந்தில் எந்தத் தமிழ் வீட்டில் நல்ல காரியம் என்றாலும் எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் நிற்பது அவர்தான். அவருடைய வடையை வேண்டாம் என்று சொன்ன ஒருவரும் எங்கள் பகுதியில் இல்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த நேரம் என் மனம் சொன்னது இதுதான்: காரணம்தான் கிடைத்துவிட்டதே. விறகு நகர்ந்திருந்தது, சரிசெய்தாயிற்று, நெருப்பு நன்றாக எரிகிறது, கருவி பூச்சியம். இந்தப் பனிமழைக்குள் பின்னால் போய் ஒரு குழாயைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? விருந்தாளிகள் வேறு வரப்போகிறார்கள். சோதனைத் தாளில் “எல்லாம் சரி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வருட அனுபவம். புதிதாக வந்த ஒருவர் என்றால் பயத்திலாவது பின்பக்கம் போயிருப்பார்.

நான் வானை எடுக்கவும் மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் திரும்பவும் சரியாக இருந்தது. பிராண்டேயின் எல்லையில் ஒரு பெற்றோல் நிலையம் இருக்கிறது. அங்கே நிறுத்தி ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு வானுக்குள் இருந்து பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் கடி. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, இடையில் ஒரு மிளகு. இரண்டாவது கடியில் வாய் நின்றுவிட்டது.

இவ்வளவு சூடான வடையை எங்கே சுட்டார்கள்?

குசினி மினுங்கியது. அடுப்பில் ஒரு பானைகூட இல்லை. அந்த வீட்டில் எண்ணெய் மணமே இல்லை. சாம்பிராணி மணந்தது, புதுத் திரைச்சீலை மணந்தது, மதியின் வாசனைத் தைலம் மணந்தது. நூறு வடை சுடுகிற வீட்டில் எண்ணெய் மணக்காது என்றால் வடை வீட்டுக்குள் சுடப்படவில்லை. இந்தப் பனிமழையில் ஒரு மனிசன் வெளியில் நின்று வடை சுடுகிறார் என்றால், அவருக்கு மேலே ஏதோ கூரை இருக்கிறது. சுற்றிவர ஏதோ மறைப்பும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதை எங்கே கட்டுவார்கள்? குசினிக் கதவுக்குப் பக்கத்தில். வீட்டின் பின் சுவரில்.

நான் பார்க்காமல் விட்ட சுவரில்.

மதியின் தொலைபேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. சிவத்துக்கு அடித்தேன். எடுக்கவில்லை. சம்பந்தம் பேசுகிற இடத்தில் யார் தொலைபேசியை எடுப்பார்கள்? வானைத் திருப்பினேன்.

ஆறு ஏழு நிமிட ஓட்டம்தான். அந்த நேரத்துக்குள் ஒரு மனிசி எத்தனை பொய் யோசிக்கலாம் என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்குரூ ட்ரைவரை விட்டுவிட்டேன் என்று சொல்லலாம். தாளில் திகதி போட மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஒருவருக்கும் தெரியாமல் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஒன்றும் இல்லை என்றால் ஒரு நல்ல காரியத்தைக் குழப்பியவள் என்ற பெயர் ஹேர்னிங் முழுக்கப் பரவும். நான் பயந்தது விபத்துக்கா, வெட்கத்துக்கா என்று கேட்டால், அந்த ஆறு நிமிடமும் வெட்கத்துக்குத்தான் என்று ஒத்துக்கொள்கிறேன்.

மதி கதவைத் திறந்தாள். உள்ளே பேச்சுச் சத்தம். முன் வாசலில் பதினைந்து சோடிச் சப்பாத்து.

“என்னக்கா, எதையேன் விட்டிட்டுப் போட்டியளே?” என்றாள் மெல்லிய குரலில்.

“மதி, வடை எங்க சுடுறியள்?”

அவள் முகம் மலர்ந்தது. “இன்னும் வேணுமோ? பொறுங்கோ, கட்டித் தாறன்.”

“வேண்டாம். எங்க சுடுறது?”

“பின்னால கொட்டிலுக்கை. இவர்தான் கட்டினவர். வீட்டுக்கை எண்ணெய் மணக்கக் கூடாதெல்லோ.”

“எந்தச் சுவரோட?”

“பைஸ் இருக்கிற சுவரோட. அந்தக் குழாயால நல்ல சூடு வரும் அக்கா. அண்ணைக்குக் குளிரே இல்லை. முன்பக்கம் மட்டும் திறந்து கிடந்தது, அதையும் இவர் இப்பதான் பிளாஸ்ரிக் தறப்பாள் போட்டு இறுக்கிக் கட்டி விட்டவர்.”

பெருமையோடு சொன்னாள். கணப்பு விடும் மூச்சு முழுக்க அந்தத் தறப்பாளுக்குள்ளே போகிறது. அதே கெட்ட மூச்சைக் கணப்பு திரும்ப இழுக்கிறது. இழுக்க இழுக்க இன்னும் மோசமாக எரிகிறது. போதாததற்கு அதே கூடாரத்துக்குள் வடைத் தாச்சிக்குக் கீழே இன்னொரு காஸ் அடுப்பு. கண்ணாடியில் கரி வந்ததற்கு விறகு பாதிக் காரணம். மீதிக் காரணம் பின்னால் நின்று வடை சுட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த நேரம் சிவம் வடைத் தட்டோடு குசினிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். என் இடுப்பில் இருந்த கருவி அலறத் தொடங்கியது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர். கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு நல்ல மஞ்சளில் தகதகத்தது. மாப்பிள்ளையின் தாய் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தகப்பன் சோபாவில் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்கோ,” என்றேன். “காஸ் பிரச்சினை.”

“பத்து நிமிசம் பொறுங்கோ அக்கா,” என்று மதி என் கையைப் பிடித்தாள். “இப்பதான் சாதகத்தைக் கையில எடுத்திருக்கினம்.”

“ஒரு யன்னலைத் திறந்து விட்டால் காணாதோ?” என்றார் ஒரு மாமா.

“தேத்தண்ணி ஊத்தியாச்சு, குடிச்சிட்டு எழும்புவம்,” என்றார் இன்னொருவர்.

தமிழில் சொன்னால் எங்கள் ஆட்கள் பேரம் பேசுவார்கள். அது எனக்கு அந்த நொடியில் விளங்கியது. மூச்சை இழுத்து, தொழிற்சாலையில் தீ ஒத்திகை நடத்துகிறவர்களின் குரலில், டேனிஷில் கத்தினேன்.

“ஊத்! அலே சாமன்! நூ!”

வெளியே, எல்லாரும், இப்போதே. அவ்வளவுதான். முப்பது வருடம் டேனிஷ் மேலாளர்களிடம் வேலை செய்த உடம்புகள் தாமாகவே எழும்பின. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்காமல், வரிசையாக வாசலுக்கு நடந்தார்கள். சாதகம் நிலத்தில் விழுந்தது. யாரும் குனியவில்லை.

“மதி, ரிமோட்டை அமத்து. பைஸை நிப்பாட்டிப்போட்டு நீயும் வெளிய போ. அபிரா, ஒண்டு ஒண்டு ரெண்டுக்கு அடி, அம்புலன்ஸைக் கூப்பிடு.”

குணம் அண்ணை இன்னும் கொட்டிலுக்குள்ளே. வீட்டுக்குள்ளால் ஓடினால் கிட்ட. ஆனால் அந்தக் குசினிக் கதவைத் திறந்தால் கூடாரத்துக் காற்று முழுக்க வீட்டுக்குள் வரும். முன்பக்கத்தால் வெளியே ஓடி வீட்டைச் சுற்றினேன். ஒன்றரை மணிக்குச் சுற்றியிருக்க வேண்டிய வீட்டை மூன்றேகாலுக்குச் சுற்றினேன்.

நீலத் தறப்பாள் வடிவாக, இறுக்கமாக, எங்கேயும் இடைவெளி இல்லாமல் கட்டியிருந்தது. சிவம் தொழிற்சாலையில் செய்கிற வேலையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். முடிச்சு அவிழவில்லை. கத்தியால் மேலிருந்து கீழே கிழித்தேன்.

குணம் அண்ணை கவிழ்த்து வைத்த பியர்ப் பெட்டியின் மேல் இருந்தார். தலை சுவரில் சாய்ந்திருந்தது. கையில் கண்ணகப்பை. தாச்சியில் வடைகள் கரியாகிக்கொண்டிருந்தன. கூப்பிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை.

அடுப்பை நிறுத்தி, அவரின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்து இழுத்தேன். நூறு கிலோ மனிசன். நான் ஐம்பத்திரண்டு கிலோ. இரண்டு அடி அரக்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. அப்போது என் பக்கத்தில் கோட்டும் சூட்டும் போட்ட ஒரு பெடியன் வந்து குனிந்தான். காலில் சப்பாத்தில்லை, வெள்ளைக் காலுறை மட்டும்.

“நீங்கள் காலைப் பிடியுங்கோ அன்ரி. நான் தலைப்பக்கம்.”

மாப்பிள்ளை நிரோஷன். இருவருமாகப் புல்லுத்தரைக்குக் கொண்டுபோனோம். அவன் முழங்காலில் நின்று மூச்சைப் பார்த்தான், நாடியைப் பார்த்தான், பக்கவாட்டில் திருப்பிக் கிடத்தினான். சூட்டைக் கழற்றி மேலே போர்த்தான். “மாமா, கேக்குதோ? என்ர கையை அமத்துங்கோ. அமத்துங்கோ மாமா.”

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பனிமழை முகத்தில் அடித்தது. நான் அந்த மனிசனின் காலைப் பிடித்தபடியே இருந்தேன். “எல்லாம் சரி” என்று எழுதிய தாள் உள்ளே மேசையில் கிடந்தது.

அண்ணை முனகினார். பிறகு கையை அமத்தினார். பிறகு மெல்லச் சொன்னார்: “தாச்சியைப் பாருங்கோ.”

நிரோஷன் சிரித்தான். நான் அழுதேன்.

அம்புலன்ஸ் வந்தது, தீயணைப்பு வண்டியும் வந்தது. அண்ணையின் முகத்தில் ஒட்சிசன் பூட்டிக்கொண்டு போனார்கள். முன் வளவில், காஞ்சிபுரம் சாறிகளும் பட்டு வேட்டிகளும் வெறுங்காலோடு ஈரப் பனியில் நின்றன. தீயணைப்பு வீரர் சரி என்று சொன்ன பிறகு அபிரா வாசலுக்குள் கையை விட்டு, கைக்கு அகப்பட்ட சப்பாத்துகளை ஒவ்வொன்றாக வெளியே எறிந்தாள். பிடித்தவர்கள் பிடித்ததைப் போட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் யாருடையதோ நாற்பத்தைந்தாம் அளவுச் சப்பாத்துமாக என்னிடம் வந்தார்.

“இப்ப தலையிடி போட்டுது,” என்றார் ஆச்சரியத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் மதி கதைச்ச கதையாலதான் தலையிடிக்குதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்.”

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இருந்தால் தலையிடிக்கிறது, வெளியே போனால் மாறுகிறது என்று யாராவது சொன்னால், அது சம்பந்தியின் கதையால் வந்ததாக இருக்கலாம். ஆனால் முதலில் கணப்பை நிறுத்துங்கள்.

எல்லாரையும் பரிசோதித்து அனுப்பினார்கள். குணம் அண்ணை மட்டும் ஆஸ்பத்திரியில் நின்றார். ஞாயிறு மத்தியானம் பார்க்கப் போனேன். கட்டிலில் எழும்பி இருந்து யோகட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பதற்காக வழி முழுக்க வசனங்களைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். நான் வாயைத் திறக்க முன்னர் அவர் தொடங்கிவிட்டார்.

“தங்கச்சி, பிழை என்ரை. ரெண்டு மணியிலயிருந்து தலையிடி. வயித்தைப் பிரட்டிச் சத்தி வாறமாதிரியும் இருந்தது. சொல்லேல்லை.”

“ஏன் அண்ணை சொல்லேல்லை?”

“சொன்னால் சிவத்தைத் தாச்சிக்கு முன்னால விட்டிடுவினம்.” யோகட் கரண்டியை ஆட்டினார். “அவன் வடைக்கு ஓட்டை போடத் தெரியாதவன்.”

நான் என் பிழையைச் சொன்னேன். பின்பக்கம் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று. அவர் கரண்டியை யோகட்டுக்குள் விட்டார். யோகட்டைக் கீழே வைத்தார்.

“நீங்கள் திரும்பி வந்தனீங்கள்தானே,” என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது.

கலியாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடக்கவில்லை. நிரோஷனுக்கும் ஆள் இருந்தது, அபிராவுக்கும் ஆள் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பெற்றோருக்குச் சொல்லத் துணிவில்லாமல் அந்தச் சோபாவில் இருந்திருக்கிறார்கள். அம்புலன்ஸ் போன பிறகு வளவில் நின்று ஒருவருக்கொருவர் டேனிஷில் சொல்லி, பத்து நிமிடத்தில் இரண்டு தரப்புக்கும் சேர்த்தே அறிவித்துவிட்டார்கள். குளிரில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்குச் சண்டை பிடிக்கத் தெம்பிருக்கவில்லை.

கொட்டிலை சிவம் அடுத்த நாளே பிடுங்கிவிட்டார். இப்போது அது வளவின் அந்தப் பக்கத்தில், நாலு பக்கமும் திறந்தபடி நிற்கிறது. குணம் அண்ணை பனித்தொப்பி போட்டுக்கொண்டு வடை சுடுகிறார். பைஸ் இருக்கும் அறையில் ஓர் எச்சரிக்கைக் கருவி, குசினியில் இன்னொன்று. மதி விறகை அரக்குவதில்லை. தன் வாயால் அப்படித்தான் சொல்கிறாள்.

இனித் திங்கட்கிழமையைச் சொல்கிறேன். நான் உங்களுக்கு எழுத நினைத்ததே இதைத்தான், மற்றதெல்லாம் கதை.

அப்போதைய எங்கள் மெஸ்டருக்கு, அதாவது டேனிஷ் முதலாளிக்கு, முப்பத்தொரு வயது. தகப்பனிடமிருந்து கம்பனியைப் பொறுப்பெடுத்து இரண்டு வருடம். எனக்கு மகன் வயது. அதிகம் கதைக்க மாட்டார். ஒரு நாளைக்குப் பேசுகிற சொற்களை எண்ணலாம். காலை ஏழு மணிக்கு அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நடந்ததைச் சொன்னேன். விறகு நகர்ந்திருந்ததைச் சொன்னேன், கருவி பூச்சியம் காட்டியதைச் சொன்னேன், திரைச்சீலை மூடியிருந்ததைச் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று வடையையும் சொன்னேன்.

அவர் நான் எதிர்பார்த்த ஒரு கேள்வியையும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கோப்பியை ஒரு வாய் குடித்தார்.

“சரோ,” என்று என் சொந்தப் பெயரால் கூப்பிட்டார். “இந்தக் குளிர்காலத்தில் பின்பக்கம் போகாமல் வந்த வீடுகள் இன்னும் எத்தனை?”

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது உதவியது. நாட்குறிப்பை விரித்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். மழை பெய்த நாள். நாய் கட்டியிருந்த வளவு. கோப்பி ஊற்றிவிட்டார்கள் என்று அவசரமாக உள்ளே வந்த வீடு. எந்தக் காரணமும் இல்லாமல், சும்மா, போகாமல் விட்ட வீடு.

“ஒன்பது,” என்றேன்.

அவர் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஆணியில் தொங்கிய வான் திறப்பை எடுத்தார்.

அன்றைக்கு முழுக்க இருவரும் ஒன்பது வீட்டுக்கும் போனோம். அவர் மணி அடிப்பார். வணக்கம் சொல்வார். இவள் உங்கள் சுவரைப் பார்க்க வேண்டும் என்பார். நான் போய்ப் பார்ப்பேன். முதல் வீட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் பிள்ளைகளின் ட்ரம்போலினைக் குளிர்காலத்துக்காகச் சுவரில் சாய்த்திருந்தார்கள். குழாய்க்கும் அதற்கும் ஒரு முழம் இடைவெளி. அதை அரக்கினோம். மூன்றாவதில், நான்காவதில், ஐந்தாவதில் ஒன்றுமில்லை.

ஆறாவது வீடு ஒரு வயதான டேனிஷ் அம்மாவுடையது. தனியாக இருந்தார். சுவரில் குழாய் வாய்க்கு நேர் கீழே, அதைத் தொட்டபடி, ஒரு வடிவான மரப்பெட்டி. மேலே கூரை, முன்னால் ஒரு வட்ட வாசல், உள்ளே கம்பளித் துணி. அதற்குள் ஒரு கொழுத்த சாம்பல் பூனை.

“அவனுக்காக நானே ஆணி அடித்துச் செய்தது,” என்றார் அந்த அம்மா. “இந்த மூலை நல்ல கணகணப்பு. முன்பெல்லாம் பொல்லாத பூனை, எல்லாரையும் பிறாண்டுவான். இந்தக் குளிர்காலம் ஆச்சரியம், அப்படி ஓர் அமைதி.”

மெஸ்டரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் குனிந்து பூனையை இரண்டு கையாலும் தூக்கி வளவின் நடுவில் வைத்தார். பெட்டியை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனார். கணப்பைச் சோதித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது பூனை மெஸ்டரின் கையைப் பிறாண்டியது. அந்த அம்மா பதறினார். “நல்லது, நல்லது,” என்றார் மெஸ்டர், இரத்தத்தைத் துடைத்தபடி. அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மிச்ச மூன்று வீடுகளிலும் ஒன்றுமில்லை. நாலு மணிக்கே வெளிச்சம் போகத் தொடங்கிவிட்டது. வானுக்குள் வந்து இருந்தோம். கண்ணாடி துடைப்பான் இரண்டு முறை ஓடி நின்றது. இப்போதுதான் ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் வானைக் கிளப்பவில்லை. பிறாண்டிய கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“காலையில் நீ ஒன்பது என்று சொன்னபோது நானும் எண்ணினேன்,” என்றார். “எனக்குப் பதினான்கு.”

நான் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“நாளைக்கு நீ என்னோடு வருவாயா?”

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வானை நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்து, மடியில் நாட்குறிப்பை விரித்து, முதல் வீட்டின் முகவரியை வாசித்தார்.